கயிற்றில் கூடுதலாக ஒரு மீன்

காயப்போடும் கயிற்றில், தச்சன் செய்யாத மீன் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

ஏரியைப் பார்த்த பின்னறையில் உட்கார்ந்து அவன் தூண்டில்காரர்கள் இரையாகக் கட்டும் பொய்மீன் செய்வான். கனமில்லாத மரத்தைச் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வயிற்றில் ஈயத்தைப் புதைத்து, மேலே கொசுவலையை இழுத்துக் கட்டி வண்ணத்தை ஒற்றினால் செதில் செதிலாகப் பதியும். ஒவ்வொன்றும் அவன் கை அறிந்தது. இதுவோ வால் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம்; குடிகாரன் செய்திருந்தாலும் இதைவிட நன்றாக வந்திருக்கும். வார்னிஷ் வாசனைக்குப் பதிலாக அடிச்சேற்றின் வாடை அடித்தது. தொட்டான். ஈரம்.

"அக்கா, இங்க யாராவது வந்தாங்களா?"

"யாரு வரப்போறா? துக்கம் விசாரிக்க வந்தவங்ககூட நின்னுட்டாங்க" என்றாள் அக்கா சமையலறையிலிருந்து. "நீ வந்து ரெண்டு வாய் சாப்பிடு."

துக்கம் என்ற சொல்லே அவனுக்கு ஆகாது. தாயில்லாத ஒரே மகளை ஏரி கொண்டுபோனது. ஓயாமல் பேசும் பிள்ளை; சில்வண்டு என்றுதான் கூப்பிடுவான். படகு விட்டுத் தேடினார்கள், வலை போட்டு அரித்தார்கள், கடைசியில் கையை விரித்துவிட்டார்கள். உடல் கிடைக்காதவரை அவள் இல்லை என்று யார் சொன்னாலும் அவன் காதில் ஏறவில்லை. தம்பியைத் தன்னோடு கூட்டிப்போக வந்த அக்கா மூட்டை முடிச்சைக் கட்டிவைத்துக் காத்திருந்தாள். அவன் அசையவில்லை. அவன் போய்விட்டால், திரும்பி வருகிற பிள்ளை யார் வீட்டுக் கதவைத் தட்டும்?

கோணல் மீனைக் குப்பையில் போட்டான். மறுநாள் அந்தியில் இன்னொன்று தொங்கியது. செதில் ஓரளவு ஒழுங்காக விழுந்திருந்தது. அதையும் எறிந்தான். அதற்கடுத்து வந்ததைத் தன் கைவேலை என்று அவனே சத்தியம் செய்திருப்பான். அதுவும் குப்பைக்குப் போனது.

பிறகு மீன்கள் வரவில்லை. கயிற்றில் ஒரு பட்டாம்பூச்சி கிளிப் தொங்கியது.

சில்வண்டு கடைசியாகத் தன் தலையில் குத்தியிருந்த அதே கிளிப். பாய்ந்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். விரல்கள்தான் முதலில் கண்டுபிடித்தன. பிளாஸ்டிக் இல்லை. மரம். சீவி, தேய்த்து, வண்ணம் தீட்டிய மரம்.

ஜன்னலுக்கு வெளியே ஏதோ சத்தமில்லாமல் நீருக்குள் அமிழ்ந்தது. அலை மட்டும் கரைவரை வந்து போனது.

அவனுக்கு விளங்கிவிட்டது. எந்த மீன் எதைக் கவ்வும் என்று தெரியாதபோது அவனும் இப்படித்தான் செய்வான். ஒன்றைப் போட்டுப் பார்ப்பான். தொடவில்லையென்றால் நிறத்தை மாற்றுவான், உருவத்தை மாற்றுவான். கவ்வும்வரை விடமாட்டான்.

"அக்கா, இன்னைக்கே கிளம்பிடலாம்."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இப்பவாவது மனசு வந்துதே. இரு, வண்டி கூட்டிட்டு வந்துடறேன்" என்று தெருப்பக்கம் ஓடினாள்.

அவன் ஜன்னலைச் சாத்தி, பின்கதவைத் தாழிட்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றான். வெளிச்சம் வடிய வடிய, வண்ண டப்பாக்களின் வாசனையை அமுக்கிக்கொண்டு சேற்றுவாடை கதவிடுக்கு வழியாக உள்ளே ஊறியது. குழாய் சொட்டுவதும், கயிற்றில் மீன்கள் ஒன்றோடொன்று இடிப்பதும், தன் நெஞ்சு அடித்துக்கொள்வதும் அவனுக்குத் தனித்தனியாகக் கேட்டன. பிறகு படியில் ஈரக்கால் பதியும் ஓசை.

நின்றது. இன்னொரு காலடி.

"அப்பா."

தாழ்ப்பாளை இறுகப் பிடித்தான்.

"அப்பா, குளிருது. கதவத் திறப்பா."

திறக்கக்கூடாது. தெரியும். இடுக்கில் கண்ணை வைத்தான். சில்வண்டு. அதே கவுன். அதே நெற்றித் தழும்பு. கண்கள் மட்டும் கொஞ்சம் பெரிது. பெரிய மீன் இரையின் கண்ணைப் பார்த்துத்தான் பாயும் என்று அவனும் கண்ணை ஒரு சுற்றுப் பெரிதாகத்தான் வரைவான். கன்னம் வார்னிஷில் பளபளத்தது. உதடு அசையவில்லை. குரல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

நேர்த்தியான வேலை. அவனுக்கே வராத நேர்த்தி.

தெருமுனையில் வண்டிச் சத்தம். அக்காதான். இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும்.

"வலிக்குதுப்பா."

பொய். பொய்யென்று அவனைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்து என்ன செய்ய? உண்மையானவளை யார் கொண்டுவந்து தரப்போகிறார்கள்?

தாழ்ப்பாளை நீக்கினான். மண்டியிட்டு அவளை வாரி அணைத்தான். சில்லென்ற மரம். கன்னத்தில் கன்னத்தை வைத்தான்.

"வந்துட்டியாடா தங்கம்."

அணைத்த வேகத்தில் கூராக ஏதோ அவன் விலா எலும்புக்கடியில் ஆழமாக ஏறி, வளைந்து, நின்றது. அவன் கையை எடுக்கவில்லை. அவள் முதுகிலிருந்து ஒரு தூண்டில் நரம்பு படிகளில் இறங்கி, கரைப்புல்லில் தளர்ந்து கிடந்து, கறுத்த நீருக்குள் போயிருந்தது.

வாசலில் அக்கா கூப்பிட்டாள். புல்லிலிருந்து நரம்பு நிதானமாக மேலெழுந்து விறைத்தது.