மேனஸின் முறை

பிடித்தால் விடாத நவம்பர் மழை. நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. காரிலிருந்து லோர்கனை இறக்கி, அவருடைய விளங்காத வலது கையை என் தோளில் போட்டுக்கொண்டு, பாடரின் பப்புக்குள் நுழைந்தேன். கணப்பில் விறகுக்குப் பதிலாக எரிக்கிற கரிமண் கட்டி புகைந்துகொண்டிருந்தது. நனைந்த கம்பளி வாடையும் கறுப்பு பீர் வாடையும் கலந்து அடித்தன. மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் பாட்டுக் கூட்டம். வாத்தியம் கிடையாது, கைதட்டித் தாளம் போடுவதும் கிடையாது. ஒருவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் வாயை மூட வேண்டும், அவ்வளவுதான். நடத்துகிறவள் நான், உனா. என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள். இருந்துவிட்டுப் போகிறேன்.

லோர்கன் என் கணவர். பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு இல்லை. ‘ம்’ என்பதைத் தவிர ஒரு சொல் வராது. தேநீரா சூப்பா என்று நான் கேட்க, அவர் தலையாட்ட, நான் தப்பாகப் புரிந்துகொள்ள, கடைசியில் இரண்டு பேருக்குமே எரிச்சல்தான் மிஞ்சும். ஆனால் பாட்டு மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை. டாக்டர் ஏதோ காரணம் சொன்னார். காரணத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

எங்கள் கடற்கரை ஊர்களில் பாட்டின் கடைசிச் சொற்களைப் பாட மாட்டார்கள். பாட்டு தீர்ந்தது என்பதற்கு அடையாளமாக, சாதாரணமாகப் பேசி முடிப்பார்கள். லோர்கனும் பாடிக்கொண்டே வந்து, அந்தக் கடைசி நாலு சொல்லைப் பேசிவிடுவார். என் கணவர் பேசி நான் கேட்பது அந்த ஒரு நொடிதான். வீட்டில் எத்தனை கெஞ்சினாலும் பாட மாட்டார். கூட்டம் வேண்டும், யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்த நாலு சொல்லுக்காகத்தான் இத்தனை பேரையும் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று டப்ளினிலிருந்து ஃபின்டன் என்று ஒருவர் வந்திருந்தார். முடியவே முடியாத ஒரு பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். போர் முடிந்து, வீரன் வீடு திரும்பி, கல்யாணமும் ஆகி, அதற்கப்புறமும் பாட்டு ஓடியது. ஒருவழியாக முடித்தார். பாடியவர்தான் அடுத்தவரை அழைக்க வேண்டும் என்பது எங்கள் முறை. அழைக்கப்பட்டவர் பாட வேண்டும், அல்லது தன் சார்பில் ஒருவரைப் பாட வைக்க வேண்டும். அதுவரை வேறு பாட்டு எழும்பக் கூடாது. லோர்கனைக் கூப்பிடுங்கள் என்று முன்கூட்டியே அவர் காதில் போட்டிருந்தேன்.

ஃபின்டன் சிரித்தபடி கணப்புப் பக்கம் கையை நீட்டினார்.

“அந்த மூலையில தொப்பி போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரே, அந்தப் பெரியவர் பாடட்டும்.”

அந்த மூலையில் காலி நாற்காலிதான் இருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். ஃபின்டன் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு, கிளாஸில் பாதியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

விளையாட்டு போதும் என்று சொல்லி நான் லோர்கனை அழைத்தேன். எழுந்தார். என் தோளைப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றார். வாய் திறந்தது.

சத்தம் வரவில்லை.

பின்னால் இருந்த பெர்னியைப் பாடச் சொன்னேன். அவளுக்கும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. பேச்சு வருகிறது, சிரிப்பு வருகிறது, பாட்டு என்று வாயெடுத்தால் தொண்டைக்குள் ஈரமணலைத் திணித்தது மாதிரி இருந்தது.

டிசம்பரிலும் அதே கதை. ஜனவரியில் பாதிப் பேர் வரவே இல்லை. வந்தவர்கள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தேன் குடி, ஜன்னலைத் திற, கூட்டத்தைப் பக்கத்து ஊருக்கு மாற்று. மாற்றியும் பார்த்தேன், அங்கேயும் ஊமைக் கூட்டம்தான். லோர்கன் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று, வாயைத் திறந்து, மூடி, தரையைப் பார்த்தபடியே வீடு திரும்புவார். காரில் என்னைப் பார்க்க மாட்டார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கார்க் கதவை அறைந்து சாத்துவேன்.

கடைசியில் பப் நடத்துகிற பாடரைப் பிடித்து உலுக்கினேன். அவர் மேசையைத் துடைத்துக்கொண்டே, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவர் அப்பா காலத்தில் எதிரே இருக்கிற தீவிலிருந்து மேனஸ் என்று ஒருவர் பாட வருவாராம். ஒருநாள் அவரை அழைத்தார்கள். தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டுத் தலை குனிந்தார். முதலடியை நினைவுக்குக் கொண்டுவருகிறார் என்று எல்லோரும் மூச்சுக்கூட விடாமல் காத்திருந்தார்கள். பாடப் போகிறவரைத் தொந்தரவு செய்வது எங்களிடம் பெரிய அவமரியாதை. கணப்பு அணைகிற வரை காத்திருந்தார்கள்.

“தொட்டுப் பாத்தப்ப ஜில்லுனு இருந்தாராம்,” என்றார் பாடர். “கூப்பிட்டது கூப்பிட்டபடியே பாக்கி நிக்குது. நாங்க யாரும் அதை ஞாபகப்படுத்துறதில்ல. அந்த டப்ளின்காரர் மறுபடி கூப்பிட்டுட்டாரு.”

இதை மூன்று மாதமாக வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்த மனிதரை என்ன செய்தால் தகும்?

பிப்ரவரி ஞாயிறு. ஏழெட்டுப் பேர்தான். எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. நேராகக் கணப்போரம் போய் அந்த நாற்காலி முன்னால் நின்றேன். அங்கே மட்டும் குளிர் முழங்காலைக் கடித்தது. கடற்பாசி நாற்றம் வந்தது.

“இங்க பாருங்க, மேனஸ். பாடுறதுன்னா பாடுங்க. முடியலன்னா உங்க சார்புல யாரையாவது பாட வைங்க. இப்படி எல்லார் தொண்டையிலயும் உக்காந்துக்கிட்டா என்ன அர்த்தம்?”

கணப்பில் ஒரு கட்டி சரிந்தது.

எனக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது.

லோர்கன் எழுந்து நின்றார். யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை.

பாடினார். நான் கேட்டே இராத பாட்டு. படகு, பனி, கரையில் விளக்கோடு நிற்கிற ஒரு பெண். அவர் குரல்தான். ஆனால் சொற்களை இழுத்து விட்டது தீவுக்காரர்கள் இழுப்பது மாதிரி இருந்தது. பெர்னி அழுதேவிட்டாள். கடைசிச் சொற்களைப் பேசி முடித்தார். முடித்தும் நிறுத்தவில்லை.

“நல்லா தாகமா இருக்கு. ஒரு கிளாஸ் ஊத்துங்க.”

பப்பே எழுந்து நின்று கத்தியது. யார் யாரோ என்னைக் கட்டிக்கொண்டார்கள். பெர்னி பாடினாள், பாடர் பாடினார், எல்லாத் தொண்டையும் திறந்துகொண்டது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் வீட்டில் பேசினார். டாக்டரிடம் பேசினார். மகள் தொலைபேசியில் கேட்டுவிட்டு அழுதாள். அப்பா கொஞ்சம் வேறு மாதிரி பேசுகிறாரே என்றதற்கு, இவ்வளவு நாள் பேசாததால் அப்படித்தான் இருக்கும் என்று அவளே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டாள். பால் விடாத தேநீர் கேட்டார். தீவுக்குப் படகு எப்போது என்று கேட்டார். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நகர்த்திவிட்டு, தங்க வந்த விருந்தாளி மாதிரி மரியாதையாகச் சொல்வார்:

“ரொம்ப உபகாரம், வீட்டுக்காரம்மா.”

முப்பது வருஷம் அந்த வாயிலிருந்து எனக்கு வந்த பெயர் உனா. வீடு முழுக்கப் பேச்சுதான். ஆனால் அவர் ‘ம்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் எத்தனையோ மேல். திட்டவாவது அவர் இருந்தார். இவரைத் திட்டினால் மன்னிப்புக் கேட்கிறார்.

மார்ச் மாதக் கூட்டத்துக்கு அறை கொள்ளாத கூட்டம். அதிசயத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர் என் பக்கத்தில், விளங்காத கையும் சேர, மடியில் கைகளைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் அழைப்பு என்னுடையது. எழுந்தேன். அழைத்தால் எங்கிருந்தாலும் வந்து பாடியாக வேண்டும் என்பதுதானே முறை.

“லோர்கன் பாடட்டும்,” என்றேன்.

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அவர் எழவில்லை. மற்றவர்களைப் போலவே அவரும் யாரோ பாடுவதற்காகக் காத்திருந்தார். முதலடியை யோசிக்கிறார் என்று நினைத்து எல்லோரும் பொறுமையாக அவர் முகத்தையே பார்த்தார்கள்.

கணப்போரத்திலிருந்து, மெதுவாக, ஒரு பாட்டு எழும்பியது.

எங்கள் கல்யாணத்தன்று லோர்கன் பாடியது. அந்த மூச்சு வாங்கல், மேலே போகும்போது கொஞ்சம் உடைகிற அந்த இடம். நான் பெர்னியைப் பார்த்தேன். பாடரைப் பார்த்தேன். ஒருவர்கூடக் கணப்புப் பக்கம் திரும்பவில்லை. யாருக்கும் கேட்கவில்லை. எனக்குப் பிரமை என்று என்னையே அதட்டிக்கொண்டேன்.

பக்கத்திலிருந்தவர் என் காதருகே குனிந்தார். அந்த மூச்சில் உப்புத் தண்ணீர் வாடை.

“நல்லாப் பாடுறாரே,” என்றார் மெதுவாக. “யாரும்மா அவரு?”