ஸ்பீக்கரில் அம்மாவின் குரல்

வேன் அந்தப் பழைய வீட்டு வாசலில் நின்றபோது மதியம்தான். ஆனால் மூடுபனி இறங்கி, விளக்குப் போட வேண்டிய அளவுக்கு இருட்டிக் கிடந்தது. ஈர மண் வாடையும் மக்கிய இலை வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறின. ஸ்பானிஷ் படிக்கவும், அழிந்துவரும் பறவைகளைக் காக்கும் வேலையைக் கற்றுக்கொள்ளவும் கடல் தாண்டி வந்த இரண்டு பெண்களும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு படியேறினார்கள்.

ஒருத்திக்கு வாய் ஓயாது, அதனால் வாயாடி. இன்னொருத்தி கேட்டால்தான் பேசுவாள். அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தவளும் வாயாடிதான். கல்லூரி முடிவதற்குள் அது தேய்ந்து வெறும் கோட்டான் ஆகிவிட்டது.

கதவைத் திறந்த பெண்மணிதான் முகாமின் பொறுப்பாளர், ஸ்பானிஷ் டீச்சரும் அவரே. வரவேற்க வாயைத் திறந்தார். கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல ஒரு கிசுகிசுப்பு மட்டும் வந்தது.

“நல்லா மாட்டினோம் போ,” என்று வாயாடி தமிழில் முணுமுணுத்தாள். “பேசக் கத்துக்க வந்த இடத்துல டீச்சருக்கே குரல் இல்ல.”

அது எதையும் வீணாக்காத வீடு. குளித்த தண்ணீர் செடிக்குப் போனது, காய்கறித் தோல் உரக்குழிக்குப் போனது, கூரையில் வெயில் அடித்தால்தான் மின்சாரம். இதற்கெல்லாம் பெண்கள் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். கடைசியாக டீச்சர் ஒன்று சொன்னார்: காட்டுக்குள் வாய்விட்டுப் பேசக் கூடாது. ஒருவரையொருவர் கூப்பிட விசில் மட்டும்தான்.

“ஏன் டீச்சர்?” என்றாள் வாயாடி.

“பறவை மிரளும்,” என்று கிசுகிசுத்தார். கண் வேறெங்கோ இருந்தது.

பாடமும் விநோதமாகத்தான் நடந்தது. டீச்சரால் உச்சரித்துக் காட்ட முடியாது அல்லவா? அதனால் ஒருத்தி கேள்வி கேட்பாள், மற்றவள் பதில் சொல்வாள், அதைப் போனில் பதிவு செய்து காட்டு வேலைக்கான ஸ்பீக்கரில் போடுவார்கள். டீச்சர் கேட்டுத் திருத்துவார். முதல் பாடம், ‘உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?’ கோட்டான் கேட்டாள். வாயாடி பாதிப் பதிலிலேயே சிரித்துவிட்டாள்.

காட்டு வேலையும் கிட்டத்தட்ட அதேதான். தரையில் நடக்கும் ஒரு பறவை அங்கே அருகிவிட்டது. குறிப்பிட்ட மரங்களின் அடியில் நின்று அதன் பதிவான குரலை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட வேண்டும். பறவை இருந்தால் திருப்பிக் குரல் கொடுக்கும். இல்லையென்றால் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு அடுத்த மரம். நாள் முழுக்கக் கூப்பிட்டும் பதில் வராத வேலை அது.

வாயாடிக்குக் காய்ச்சல் வந்த அன்று கோட்டான் தனியாகப் போனாள். பனி கழுத்துவரை ஏறியிருந்தது. ஸ்பீக்கர் கத்தியது, காடு கம்மென்று இருந்தது. அவளுக்கு வீட்டு நினைப்பு நெஞ்சை அடைத்தது. அம்மாவை இப்போதே பார்க்க வேண்டும்போல அழுகை வந்தது.

அம்மா பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பாளர். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஊருக்கே சொல்லும் குரல். அப்பா போன பிறகு இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போட்டது அந்தக் குரல்தான். அம்மா அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜ் போனில் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. ஒரே ஒரு தடவை என்று சொல்லிக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் இணைத்து முழுச் சத்தத்தில் விட்டாள்.

“சாப்பிட்டியா கண்ணு? பத்திரமா இரு கண்ணு.”

காட்டுக்குள் அம்மா போனாள். இலைகளில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்கூட நின்றதுபோல இருந்தது.

பிறகு, பனிக்குள் வெகு தூரத்தில்:

“சாப்பிட்டியா கண்ணு?”

எதிரொலி என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு வேகவேகமாக வீடு வந்து சேர்ந்தாள். எதிரொலிக்கு அவ்வளவு நேரம் ஆகாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். நினைக்கப் பயந்தாள், அவ்வளவுதான்.

அடுத்த நாள் அம்மா போனில் கரகரத்தாள். “தொண்டை கட்டியிருக்கு, வேற ஒன்னுமில்ல.” அதற்கடுத்த நாள் பேச்சு வெறும் மூச்சாக மாறியது. பிறகு அதுவும் இல்லை. அண்ணன்தான் பேசினான்.

“டாக்டருக்கே ஒன்னும் புரியல. தொண்டை சுத்தமா இருக்காம், குரல் மட்டும் இல்லயாம். வேலைக்கு வேற ஆள் வெச்சுட்டாங்க. அம்மா சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கா. சாப்பாடு இறங்க மாட்டேங்குது. இப்படியே போனா…”

கோட்டான் போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். ஏனென்றால் அந்தக் குரல் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பனி இறங்கும் சாயங்காலங்களில் அது மரங்களுக்கு இடையே நடந்தது. ஒவ்வொரு நாளும் வீட்டுக்குக் கொஞ்சம் கிட்டே வந்தது. முதலில் மெசேஜில் இருந்ததை மட்டும் சொன்னது. பிறகு அதில் இல்லாததையும்.

“குளிரா இருக்கா கண்ணு?”

வாயாடி போர்வைக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. “ஏய், அது உங்க அம்மா குரல்தான?”

அவள் தூங்கியதும் கோட்டான் சமையலறைக்குப் போய், திக்கித் திணறித் தெரிந்த ஸ்பானிஷில் டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். டீச்சர் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“திரும்பக் கிடைக்குமா டீச்சர்?”

“வேற குரல் கிடைச்சா அது பழசை விட்டுடும்னு என்கிட்ட ஒருத்தங்க சொன்னாங்க.” டீச்சரின் விரல்கள் தன் தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தன.

அதை நம்பி நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கோட்டான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்க அவளுக்கு மனமில்லை, ஏனென்றால் யாருடைய குரல் என்று அதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

அம்மா வேண்டுமா, சிநேகிதி வேண்டுமா என்று ஒரு நாள் முழுக்கத் தனக்குள் மல்லுக்கட்டினாள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அப்படியில்லை. மறுநாள் காலையிலேயே ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு அதே மரத்தடிக்குப் போனாள். வாயாடியின் குரல் அவளிடம் ஒரு பதிவில்தான் இருந்தது. முதல் பாடம். அதைப் போட்டாள். வாயாடியின் சிரிப்பு கலகலவென்று பனிக்குள் ஓடி மறைந்தது.

திரும்பும்போது தொண்டையில் ஏதோ உறுத்தியது. பனிக்காற்று என்று சால்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் வாயாடி எழுந்து எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள். கழுத்து நரம்பு புடைக்கக் கத்திப் பார்த்தாள். உதடு அசைந்தது, கண்ணீர் வழிந்தது, அறையில் ஓசையே இல்லை. அவள் கோட்டானின் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு கெஞ்சுவதுபோலப் பார்த்தாள்.

“காய்ச்சலாலதான்டி. சரியாயிடும்,” என்றாள் கோட்டான். அணைத்துக்கொள்ளவும் செய்தாள். பாவி, மனசுக்குள் அவள் போன் மணிக்காகக் காத்திருந்தாள்.

மணி அடித்தது. கூடத்தில் இருந்த முகாமின் போன்.

“கண்ணு, அம்மாடா. தொண்டை சரியாயிடுச்சுடா.”

கோட்டான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே, லைனில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் சாயங்காலம் அண்ணன் வீடியோவில் கூப்பிட்டான். அவன் பின்னால் அம்மா, பாதியாக இளைத்து, நாற்காலியில் இருந்தாள்.

“அம்மாவுக்குதான் சரியாயிடுச்சே, இன்னும் ஏண்ணா மூஞ்சைத் தூக்கி வெச்சிருக்க?”

“என்னத்தடி சரியாச்சு?”

“நேத்து போன்ல என்கிட்ட பேசினாங்களே.”

“யாரு, அம்மாவா?” அண்ணன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அம்மா இல்லை என்று மெதுவாகத் தலையை ஆட்டினாள். வாயைத் திறந்து காட்டினாள். ஒன்றுமில்லை. மகளைப் பார்த்து அழுதாள், அந்த அழுகையிலும் சத்தம் இல்லை.



ஜன்னல் கண்ணாடியில் பனி வந்து நின்றது. வெளியே மிகப் பக்கத்தில் அம்மாவின் குரல் மெல்லப் பேசியது. அதற்குப் பதிலாக வாயாடி சிரித்தாள். நிஜ வாயாடி கட்டிலில் சுருண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள்.

பிறகு மூன்றாவதாக ஒரு குரல், ஸ்பானிஷில், திருத்தமாகக் கேட்டது:

“உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?”

அது கோட்டானின் குரல்.

பாடத்தில் கேள்வி கேட்டவள் அவள்தானே. இது அப்போதுதான் அவள் புத்தியில் உறைத்தது.

“அண்ணா, போனை வை,” என்று கத்தினாள். உதடு மட்டும் அசைந்தது.

“என்னடி? சத்தமே வரல, உன் படமும் நின்னு போச்சு,” என்றான் அண்ணன்.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து அவள் குரல் பதில் சொன்னது. நல்ல தமிழில், கொஞ்சம் அழுதுகொண்டே சொன்னது.

“அம்மாவை இங்க கூட்டிட்டு வாண்ணா. இங்க பெரிய டாக்டர் இருக்காங்க. வந்தா சரியாயிடும்.”

கோட்டான் தலையை ஆட்டினாள், கையை ஆட்டினாள், போனை நோக்கி வாய் கிழியக் கத்தப் பார்த்தாள்.

“சரி சரி, அழாதடி,” என்றான் அண்ணன். அவன் குரலே உடைந்திருந்தது. “கடன உடன வாங்கியாவது நானே கூட்டிட்டு வரேன். நீ தைரியமா இரு.”

அவன் பின்னால் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. அலமாரி மேலிருந்த பெட்டியை எட்டி எடுத்தாள். அதோடு படம் உறைந்து, லைன் போய்விட்டது.

வெளியே கோட்டானின் குரல் நிற்கவில்லை. பாடம் ஒப்பிக்கும் பிள்ளைபோல அது ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“வாம்மா. வாம்மா. வாம்மா.”