சூடேறாத கல்

உதட்டில் வைத்த கல் சூடேறவில்லை.

கண்ணாடித் துண்டென்றால் பட்டதுமே வெதுவெதுப்பாகிவிடும். அசல் கல் கொஞ்ச நேரம் சில்லென்று இருந்து, பிறகு மெல்ல உடம்புச் சூட்டுக்கு வந்து சேரும். நகைக்கடையின் பின்னறையில் கல் மதிப்பிடும் அவர் லென்ஸைக் கையில் எடுப்பதற்கு முன் மேலுதட்டைத்தான் நம்புவார். இந்தப் பச்சைக் கல்லோ, மின்விசிறி கடகடக்கும் அந்தப் புழுக்கமான அறையில் அவர் எவ்வளவு நேரம் பிடித்திருந்தும் வைத்தபோது இருந்த குளிர்ச்சி குறையாமல் அப்படியே இருந்தது.

"என்ன சார், பிரிய மனசில்லையா?" என்றார் முதலாளி. "வீட்டுக்குப் பொட்டலம் போட்டுக் கொடுக்கட்டுமா?"

"அசல்தான். ஆனா..."

"அசல்னா அசல். அதுல என்ன ஆனா?"

அவர் கல்லைத் தாளில் மடித்து முதலாளியிடம் கொடுத்தார். பல் டாக்டர் ஊசி போட்டதுபோல மேலுதடு மரத்திருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மருந்து வாடையும், ஈரத்துணியைப் பிழியும் சத்தமும். மகள் கண்மூடிக் கிடந்தாள். "மாத்திரைக்கும் காய்ச்சல் இறங்கலைங்க," என்றாள் மனைவி. "இன்னைக்குக் குறையலைன்னா ஆஸ்பத்திரியில சேர்க்கச் சொல்லிட்டார் டாக்டர்."

அவள் தெர்மாமீட்டரை உதறுவதற்குள், அவர் குனிந்து குழந்தையின் நெற்றியில் உதட்டை வைத்தார். காய்ச்சலையும் அப்படிப் பார்த்துத்தான் பழக்கம். சூடு தெரியவில்லை. குளிரும் தெரியவில்லை. ஒன்றுமே தெரியவில்லை.

"ஜில்லுனு இருக்குப்பா," என்றாள் மகள். "இன்னொரு தடவை."

இன்னொரு தடவை வைத்தார்.

மனைவி தெர்மாமீட்டரை வைத்தெடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். "ஏறவே மாட்டேங்குது. கெட்டுப்போச்சு போல." மகளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். "எப்படியோ, சூடு விட்டுடுச்சு. உங்க ராசிதான்."

அவர் மகளின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு பட்ட இடம் பளபளத்தது. வியர்வை என்று நினைத்து நகத்தால் தொட்டார்.

டிக்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். தினமும் மேசையில் கல்லில் நகம் படும்போது கேட்பது.

"அம்மா, எனக்குக் கால் எங்க இருக்குன்னே தெரியல," என்றாள் மகள். வலிக்கிற குரல் இல்லை அது.

"தூங்குடி என் கண்ணு," என்று மனைவி அவளோடு கன்னத்தை ஒட்டிப் படுத்துக்கொண்டாள்.

வேண்டாம் என்று சொல்ல நினைத்தார். நாக்கு புரளவில்லை. இழுக்க நினைத்தார். கை பாதியில் நின்றது. பயம் வரும் என்று காத்திருந்தார். அதுவும் வரவில்லை.

வெகுநேரம் கழித்து விரல்கள் கொஞ்சம் மடங்கின. சட்டைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து மகளின் நெற்றிப்பொட்டில் வைத்தார். மதிப்பிடுகிறவனின் கை. வேறெதுவும் அதற்குத் தெரியாது.

வெளிச்சம் தோலில் நிற்கவில்லை. உள்ளே போனது. எலும்பு இல்லை. கீறல் இல்லை. மகளைத் தாண்டி, மனைவியின் கன்னத்தைத் தாண்டி, சுவரில் பச்சையாக விழுந்தது. இரண்டு துண்டுகளை ஒட்டிய ஒட்டுக்கல் என்றால் நடுவில் ஒரு கோடு தெரியும். தேடினார்.

கோடு இல்லை. ஒரே கல்.

அதற்குள்ளிருந்து மனைவியின் கண் மட்டும் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தது.