விடுபட்ட துண்டு

முந்தஸிர் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, அதைப் பார்க்கவே கூசியவன் போல ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். ஓய்வுபெற்ற புலனாய்வு அதிகாரி ஷௌகத் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே இருந்தது ஒரு சி.டி.

ஷௌகத்தின் அக்காள் மகள் அரீஜ் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து வந்தாள். சட்டக் கல்லூரியில் படிக்கிறவள். மாமாவிடம் வழக்கு என்று எது வந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. ஆனால் இது வழக்கு மட்டுமல்ல. முந்தஸிரின் தங்கை ருதைனா அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள்.

நடந்தது இதுதான். ருதைனாவுக்கும் பஸ்ஸாமுக்கும் நிக்காஹ் ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது. ஊர்கூட்டிக் கல்யாணம் மட்டும் பாக்கி. அது முடிந்ததும் பஸ்ஸாம் அவளைக் கனடாவுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. போன வாரம் மாப்பிள்ளை வீட்டு வாசலில் யாரோ இந்த சி.டி.யைப் போட்டுவிட்டுப் போனார்கள். கல்யாணப் பாட்டு என்று நினைத்து அண்ணன் தம்பிகள் எல்லாரும் உட்கார்ந்து ஓடவிட்டார்கள். நிக்காஹுக்கு முந்தைய மருதாணி இரவில், ஆண் வாடையே இல்லாத வீட்டில், பெண்கள் தலைமுடியை விரித்துப்போட்டு ஆடியது அத்தனையும் திரையில் ஓடியது. மறுநாளே அந்த சி.டி.யோடு தலாக் வந்தது.

"ருதைனாதான் பண்ணிட்டாள்னு வாப்பா சொல்றாரு. மனசுல வேற எவனோ இருக்கானாம், இவன உதறத்தான் இந்த வேலையாம். வர்ற வியாழக்கிழமை அபூ ஸுஹைலுக்குக் கட்டி வைக்கப் போறாரு" என்றான் முந்தஸிர்.

அபூ ஸுஹைலை அவர்கள் குடியிருக்கும் ஜபல் ஹுசைன் பகுதியில் தெரியாதவர் இல்லை. மனைவியை இழந்தவர், வயது அறுபதுக்கு மேல், வாய் திறந்தால் வசவு.

வீட்டில் கம்ப்யூட்டர் எத்தனை என்று ஷௌகத் கேட்டார். இரண்டு என்றான் முந்தஸிர். ஒன்று கீழ்த்தளத்தில், வாப்பாவும் உம்மாவும் இருக்கும் கூடத்தில். துபாயில் இருக்கும் தம்பியோடு பேசுவதற்காக வாங்கியது. இன்னொன்று மாடியில், அவனும் மனைவி ஹியாமும் இருக்கும் பகுதியில். மாடிப்படி வழியாக கேபிள் இழுத்து இரண்டையும் அவனே இணைத்திருந்தான். சி.டி. ரைட்டர் மாடியில் மட்டும்தான். மருதாணி இரவின் படம் கீழே கூடத்துக் கம்ப்யூட்டரில் கிடந்தது. பெண்கள் பார்க்க வைத்தது, அவன் தொட்டதில்லை.

"உங்க ரைட்டரைக் கீழே இருந்தும் பயன்படுத்தலாமா?" என்றார் ஷௌகத்.

பொதுவில் விட்டிருக்கிறேன், ஆனால் அதில் போட்ட சி.டி.யைக் கீழே இருந்து படிக்க மட்டும்தான் முடியும், எழுத வேண்டுமென்றால் மாடிக் கம்ப்யூட்டரில்தான் உட்கார வேண்டும் என்றான். அதனால் ஒரு பொது ஃபோல்டர் வைத்திருந்தான். கீழே இருப்பவர்கள் வேண்டியதை அதில் போட்டுவிடுவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் அதில் இருப்பதை எழுதி, ஃபோல்டரைக் காலி செய்துவிடுவான்.

"சமீபத்துல யாருக்கு எழுதிக் கொடுத்தீங்க?"

"யாருக்கும் இல்ல. உம்மா அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிற குர்ஆன் கிராஅத்து மட்டும்தான், எப்பவும் போல. ஓதறதப் பிரிச்சுப் பாத்துட்டா எழுதுவாங்க?"

சி.டி. விழுவதற்கு முந்தைய வாரம் ருதைனா எங்கே இருந்தாள் என்று கேட்டதற்கு, வேறு ஊரான இர்பிதில் பெரியம்மா வீட்டில், வாரம் முழுக்க, கல்யாணத் துணி எடுக்கப் போயிருந்தாள் என்றான். வாப்பாவிடம் அதையும் சொல்லிப் பார்த்தானாம். கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவைதானே, அங்கிருந்தே செய்திருப்பாள் என்று அவர் வாயை அடைத்துவிட்டார். மாடிப்படியைத் தாண்டாத கேபிள் இர்பிதுவரை எப்படி நீண்டது என்று அவரிடம் கேட்க அந்த வீட்டில் யாருக்கும் தைரியமில்லை.

அவன் போனதும் ஷௌகத் சி.டி.யை அரீஜிடம் நீட்டினார். பிற வீட்டுப் பெண்களை அவர் பார்க்க மாட்டார். "யார் யார் இருக்காங்க, யார் இல்லைன்னு மட்டும் சொல்லு."

அரீஜ் பார்த்துவிட்டு முகம் சிவந்து வந்தாள். அவளே அந்த இரவில் ஆடியிருந்தாள். படத்தில் அவளும் இருந்தாள். அந்த அண்ணன் தம்பிகள் தன்னையும் பார்த்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஹியாம்தான் மாமா. ரைட்டர் அவ ரூம்ல இருக்கு. ருதைனான்னா அவளுக்கு ஆகாது."

"ஹியாம் படத்துல இருக்காளா?"

"இருக்கா. முடிய விரிச்சுப் போட்டு, மத்தவங்களவிட அதிகமாவே ஆடுறா."

அன்றைக்குக் கேமராவில் துண்டு துண்டாகத்தானே படம் எடுத்தார்கள், அந்த இரவில் எடுத்ததில் சி.டி.யில் இல்லாத துண்டு எது என்று ஷௌகத் கேட்டார். அரீஜ் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். மெழுகுவர்த்தி ஏற்றிய மருதாணித் தட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆடிய ஆட்டம். எல்லாரும் அழுததும் சிரித்ததும் அதற்குத்தான். அது மட்டும் இல்லை. தட்டைத் தூக்கியது யார் என்று மாமா கேட்கவில்லை. பெண்ணைப் பெற்றவள்தான் தூக்குவாள்.

மறுநாள் மாலை ஷௌகத் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். எதிரே முந்தஸிரின் வாப்பா அபூ முந்தஸிர், பக்கத்தில் உம்மா உம் முந்தஸிர், கதவோரம் முந்தஸிரும் ஹியாமும். ருதைனா சுவரில் சாய்ந்து நின்றாள். அரீஜ் அவள் கையைப் பிடித்தாள்.

ஷௌகத் குரலை உயர்த்தவில்லை. ஃபோல்டர் வாரா வாரம் காலியாகிறது, அதனால் இதை அந்த வாரத்தில் வீட்டில் இருந்த ஒருவர்தான் போட்டிருக்க வேண்டும், ருதைனா அப்போது இர்பிதில் இருந்தாள் என்றார். கேபிள் வாசலைத் தாண்டாது என்பதையும் நிதானமாக விளக்கினார்.

"உங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை தெரியாது. மிச்சம் மூணு பேர். முந்தஸிர் போட்டிருந்தா முதல்ல தன் பொண்டாட்டிய எடுத்துட்டுத்தான் போட்டிருப்பான். ஹியாம் போட்டிருந்தா தன்னை எடுத்திருப்பா. ரெண்டு பேர் கையிலயும் ரைட்டர் இருந்துச்சு, ஆனா ஹியாம் அதுல ஆடுறா. எல்லாப் பெண்களையும் அந்நிய ஆண்களுக்குக் காட்டினவங்க, ஒருத்தரை மட்டும் காட்டல. அந்த ஃபோல்டரை முந்தஸிர் கிராஅத்துன்னு நினைச்சு, திறந்துகூடப் பாக்காம, தன் கையாலயே எழுதிக் கொடுத்திருக்கான்."

அபூ முந்தஸிர் மெல்லத் தன் மனைவி பக்கம் திரும்பினார்.

உம் முந்தஸிர் மறுக்கவில்லை. "கனடாவுக்குப் போனா திரும்பி வருவாளா? ஒருத்தன் துபாய்ல, ஒருத்தன் மாடியில பொண்டாட்டியோட. இவரோட இந்த வீட்டுல நான் மட்டும் எப்படிக் கிடப்பேன்?" என்றாள். தன்னை நியாயப்படுத்துகிற குரல் அல்ல அது. கடையில் அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல்.

ருதைனா அன்றைக்கு முதல் தடவையாக வாய் திறந்தாள். "உங்க துண்ட மட்டும் ஏன் உம்மா எடுத்தீங்க?"

"ஆம்பளைங்க பாப்பாங்கள்ல. எனக்கு வெக்கமா இருக்காதா?"

அரீஜுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ருதைனா பிழைத்துவிட்டாள், குற்றம் அவள் தலையில் இல்லை என்று தெரிந்துவிட்டது, இனி வியாழக்கிழமை நடக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாமாவின் முகத்தைப் பார்த்தாள். அவரும் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தார்.

அபூ முந்தஸிர் தஸ்பீஹ் ஜெபமாலையின் மணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். பிறகு பேசினார்.

"நீங்க நல்ல மனுஷன் ஷௌகத். உண்மைய எனக்குச் சொல்லிட்டீங்க, இது என்னோட இருக்கட்டும். என் பிள்ளைங்களப் பெத்தவ பேரு தெருவுக்குப் போனா, நாளைக்கு எம் பையங்க எவன் முகத்தப் பாப்பாங்க? பொண்ணு பேரு ஏற்கெனவே போயிடுச்சு. ஊருக்கு அவ செஞ்சதாவே இருக்கட்டும்."

"வாப்பா, அவ ஒண்ணும் பண்ணல" என்றான் முந்தஸிர்.

"தெரியும். இப்பத்தான சொன்னாரு. வியாழக்கிழமை ஆள் வருவாங்க, வீட்டைக் கழுவி வைங்க."

ஷௌகத் எழுந்தார். சட்டம், நீதிமன்றம், பெண்ணின் சம்மதம் என்று அவர் சொன்னதையெல்லாம் அபூ முந்தஸிர் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சம்மதிக்கிறாயா என்று அங்கேயே, எல்லார் எதிரிலும், மகளைக் கேட்டார். ருதைனா உம்மாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், சரி என்று தலையசைத்தாள்.

உம் முந்தஸிர் எழுந்து வந்து மகளின் கலைந்த முக்காட்டைச் சரிசெய்தாள். உம்மாவின் முகத்தில் பல நாள் கழித்து ஒரு தெளிவு வந்திருந்தது.

"அழாதடி. அபூ ஸுஹைல் வீடு அடுத்த தெருதான். காலையில எழுந்ததும் உம்மாகிட்ட வந்துடலாம்."

ருதைனா அரீஜின் கையை விடுவித்துக்கொண்டு, விருந்தாளிகளுக்குக் காப்பி வைக்க உள்ளே போனாள்.