நாலாவது தட்டு

நேற்று நேராக்கி வைத்த நாலாவது தட்டு இன்றைக்குப் பிந்தி விழுந்தது.

புகழேந்தி கம்ப்யூட்டர் திரையை உற்றுப் பார்த்தான். கோடு கோடாகக் கட்டம் போட்ட அந்தத் தாளப் படத்தில் ஒவ்வொரு தட்டும் ஒரு சின்னச் செங்கல் மாதிரி தன் கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. முதல் மூன்றும் கோட்டில் இருந்தன. நாலாவதும் கோட்டில்தான் இருந்தது, மயிரிழைகூட விலகவில்லை. ஆனால் ஓடவிட்டுக் கேட்டால் தட், தட், தட் என்று மூன்று வந்து, ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா கிடந்து, அதற்குப் பிறகுதான் அந்த நாலாவது மெத்தென்று விழுந்தது. கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. மிஷின் பழசு, அது அப்படித்தான் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டான்.

பழசுதான். சிவகாசியில் அவன் வேலை பார்க்கும் பிரஸ்ஸில் வெடிப்பெட்டி லேபிள்களைச் செய்து செய்து ஓய்ந்த கம்ப்யூட்டர் அது. முதலாளி கழித்துப் போட்டபோது வீட்டுக்குத் தூக்கி வந்தான். பகலில் லேபிள் வேலை. கோயில் பொங்கல் சமயம் வந்தால் மச்சான் ஊர்க்காவலன் நடத்தும் பாட்டுக் கச்சேரிக் குழுவில் கீபோர்டு. அவனுடைய ஜப்பான் கீபோர்டுக்குள் கண்காணாத தேசத்துத் தாளமெல்லாம் இருந்தன. நம்மூர் முளைப்பாரிக்குக் கும்மி தட்ட மட்டும் ஒன்றும் கிடையாது. அதனால் வேண்டிய ரிதத்தைக் கம்ப்யூட்டரில் தானே கட்டி, பிளாப்பியில் ஏற்றி, கீபோர்டில் செருகிக்கொள்வான். இடது கையால் கட்டைகளை அமுக்கினால் ரிதம் ஓடும். தொடக்கம், நடு, முடிவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். முடிவுக்கு எண்டிங் என்று பெயர், அதற்கென்றே ஒரு பட்டன்.

இந்த ரிதம் கோயிலுக்காகக் கட்டியதல்ல. மகள் எழில் தூங்குவதற்காகக் கட்டியது.

பொன்மணி இருந்தவரை எழிலுக்குத் தூக்கம் ஒரு பிரச்சினையே இல்லை. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை பொன்மணிக்கு. சாயங்காலம் வீடு திரும்பும்போது இரண்டு கையும் வெள்ளி பூசினதுபோல மினுங்கும். அலுமினியப் பவுடர் எத்தனை சோப்புப் போட்டாலும் ரேகைக்குள்ளிருந்து போகாது. அந்தக் கையோடுதான் சமைப்பாள், அந்தக் கையோடுதான் பிள்ளையைத் தட்டுவாள். எழில் குப்புறப் படுத்துக்கொள்ளும். முதுகில் மூன்று தட்டு சீராக விழும். நாலாவது வருவதற்குள் அவளுக்கே கண் செருகிவிடும், அதனால் அது பிந்தும். பிந்தி வருகிற அந்தத் தட்டுக்காகவே காத்திருந்ததுபோலப் பிள்ளை அப்போதுதான் மூச்சை இழுத்து விட்டுத் தூக்கத்துக்குள் இறங்கும்.

ஒருநாள் அவன் ரிதம் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடியில் பிள்ளை.

"பெரிய ரிதமெல்லாம் போடுறீக. இது வருதா பாருங்க" என்று சொல்லி, வலது கையால் கீபோர்டின் ஒரு கட்டையைத் தட்டினாள். அது மேளச் சத்தம் வரும் கட்டை. சின்ன வயதில் தீப்பெட்டிக் கம்பெனியில் காகிதம் வெட்டும் மிஷினுக்குப் பாதி மோதிர விரலைக் கொடுத்த கை அது. தட், தட், தட். தட். ஒயர் வழியாகக் கம்ப்யூட்டர் அதை வாங்கிப் பதிந்துகொண்டது. சத்தத்தை அல்ல. எப்போது தட்டினாள், எவ்வளவு அழுத்தித் தட்டினாள் என்பதை மட்டும். அவன் சிரித்துக்கொண்டே அதற்கு அவள் பெயரை வைத்துச் சேமித்தான்.

ஆவணிக் கடைசியில், சீசன் ஆர்டர் கழுத்தை நெரித்த ஒரு பகலில், அவள் வேலை பார்த்த ரூம் போய்விட்டது. சத்தம் அவனுடைய பிரஸ் வரைக்கும் கேட்டது. ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். வலது கை இல்லை. மணிக்கட்டிலிருந்து இல்லை. தேடினார்கள், கிடைக்கவில்லை. இல்லாமலே கொண்டுபோய் எரித்தார்கள்.

அதற்குப் பிறகு எழில் தூங்கவில்லை. அவன் தட்டினால் முதுகை நெளித்துக் கையைத் தள்ளிவிட்டது. அப்போதுதான் கம்ப்யூட்டருக்குள் அவள் பெயரில் கிடந்தது ஞாபகம் வந்தது. எடுத்து ரிதமாகக் கட்டினான். தொழில் புத்தி யாரை விட்டது? கச்சேரிக்குக் கட்டுகிற எல்லா ரிதத்தையும் நேராக்குவதுபோல இதையும் கோட்டுக்கு இழுத்து நேராக்கினான். நாலு தட்டும் பட்டாளத்தான் நடையாக வந்தன. எழில் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டது.

"இது அம்மா இல்ல" என்று சொல்லிவிட்டு விடிய விடிய அழுதது.

அது நேற்று. இன்றைக்கு, அவன் கை வைக்காமலே, நாலாவது பிந்தி வந்தது.

பிளாப்பியில் ஏற்றிக் கீபோர்டில் போட்டு இடது கையை அமுக்கினான். பாயில் கிடந்த எழில் தலையைத் தூக்கியது. இத்தனை நாளில் முதல்முறையாக அதன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "அம்மா" என்றது. குப்புறப் படுத்தது. மூன்று தட்டு. பிறகு நாலாவது. மூச்சை இழுத்து விட்டது, தூங்கிப்போனது. புகழேந்தி கீபோர்டின்மேல் குனிந்து சத்தம் வராமல் அழுதான்.

அதிலிருந்து தினமும் அதுதான். கீபோர்டு வாசிக்கிறபோது கை தூக்கினால் உடனே ரிதம் நிற்கும்படி வைத்திருந்தான், ஏனென்றால் எண்டிங் கட்டவில்லை. கட்ட உட்கார்ந்தால் விரல் நகரவில்லை. அவள் தட்டிக்கொண்டிருக்கிறாள். அதற்கு ஒரு முடிவை அவன் கையால் எப்படிப் போடுவது?

ஊர்க்காவலன் வந்து கேட்டுவிட்டுத் திகைத்தான். குழுவில் தாளப் பேடு வாசிக்கிறவன். தாளம் அவனுக்கு ரத்தத்தில் ஊறியது. செத்துப்போனது அவன் கூடப்பிறந்த தங்கச்சி.

"என்ன மாப்ள இது, எண்டிங்கைக் காணோம்?"

"போடல மச்சான்."

"அந்தரத்துல விட்டுட்டு எந்திரிச்சுப் போவியா? ஆரம்பிச்சத முடிக்கணும்லே." கீபோர்டை ஓரமாகத் தள்ளினான். "அவளுக்கும் அப்படித்தான் பண்ணி வச்சிருக்க. கருமாதி கழிக்காம எம்புட்டு நாள் தள்ளிப்போடுவ? உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியாதுப்பா."

"கை கிடைக்கட்டும் மச்சான்."

"எங்கன போயித் தேடுறது? அந்த ரூமே இல்லியேப்பா." துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டான். "நாளைக்குக் காரியம். உன்னையக் கேட்கல, சொல்லுறேன். சாமான் வாங்கிட்டுச் சாயங்காலம் வாரேன்."

அவன் போன பிறகு எழிலைக் குளிப்பாட்டினான். கழற்றின கவுனை உதறும்போது முதுகுப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் தடவினான். விரல் மினுங்கியது. பொன்மணியின் சேலை துணிமணி எல்லாவற்றையும் மயானத்திலேயே போட்டாயிற்று. இந்த வீட்டில் அந்தப் பவுடர் ஒரு குன்றிமணி அளவுகூட இருக்க வழியில்லை. பிரஸ்ஸில் லேபிளுக்கு அடிக்கிற வெள்ளி மசியாக இருக்கும், தன் சட்டையிலிருந்து ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். முகர்ந்து பார்த்தான். மசி வாடை இல்லை. பொசுங்கின வாடை. கவுனை வாளியில் முக்கிவிட்டு வேறு கவுன் போட்டுவிட்டான்.

பொழுது சாயும் நேரம் எழில் கண்ணைக் கசக்கியது. பாயைப் போட்டு, ரிதத்தை ஓடவிட்டான். வெளியே லோடு லாரி ஒன்று மண்ணைக் கிளப்பிக்கொண்டு போய் ஓய்ந்தது. எதிர்வீட்டில் அரிசி களைகிற சத்தம், எங்கோ ஒரு சைக்கிள் மணி, அதற்கெல்லாம் அடியில் தட், தட், தட் என்று வீட்டுத் தரையே தட்டுவதுபோல ஒரு மெத்தென்ற ஓசை. அப்போதுதான் கவனித்தான், நாலாவது இன்றைக்கு ரொம்பவும் பிந்துகிறது. முதலில் ஒரு மூச்சு நேரம் இருந்தது. இப்போது இரண்டு மூச்சு நேரம். அதை அவன் தன் மூச்சால்தான் அளந்தான். எழில் அந்த நேரத்தில் மூச்சே விடவில்லை.

மூன்று தட்டுக்கும் பிள்ளையின் முதுகு அசையாமல் கிடந்தது. நாலாவது விழுந்தது. முதுகு ஏறி இறங்கியது. மறுபடி மூன்று. அசைவில்லை. நாலாவது. ஏறி இறங்கியது.

பதறிப்போய்க் கையைத் தூக்கினான். ரிதம் நின்றது. எழிலின் முதுகு ஏறவில்லை. "பாப்பா" என்றான். ஏறவில்லை. உதட்டோரம் நீலம் கட்டத் தொடங்கியது. ஓடிப்போய்த் தூக்கலாமா என்று ஒரு கால் எழுந்தது. ஆனால் விரல்கள் தாமாகவே கட்டைக்குப் போய்விட்டன. தட், தட், தட். நீண்டது. நீண்டது. தட். பிள்ளை மூச்சை இழுத்தது.

கை எடுக்க முடியாது.

அப்படியே உட்கார்ந்தான். இடது கை மரத்துப்போயிற்று. வலது கையால் அதன்மேல் அழுத்திக்கொண்டான். ஒரு எண்டிங் கட்டியிருந்தால் நல்லபடி முடித்திருக்கலாமோ? முடித்தால் எது முடியும்? ரிதமா, பிள்ளையா? எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டான். தெருவில் போன லாரிச் சத்தத்தில் அது அமுங்கிப்போனது. ஜன்னல் வெளிச்சம் செம்மண் நிறமாகி, பிறகு கறுத்தது. எதிர்வீட்டுப் பெண் "ஏ பிள்ள, வெளக்க எடுத்து வை, கரண்டு போற நேரமாச்சு" என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

அந்த வருஷம் ஊரெல்லாம் மின்வெட்டு. சாயங்காலம் அவர்கள் தெருவுக்கு.

கீபோர்டுக்குப் பாட்டரி கிடையாது.

"வேண்டாம்" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. தட். தட்.

போய்விட்டது.

மின்விசிறி ஓய்ந்தது. கீபோர்டின் சின்னச் சிவப்பு விளக்கு அணைந்தது. இருட்டு. கட்டையை அமுக்கினான். செத்த கட்டை. அமுக்கினான். ஒன்றுமில்லை. பாயில் மூச்சுச் சத்தம் இல்லை.

தவழ்ந்துபோனான். பாய் தட்டுப்பட்டது. சின்னப் பாதம் தட்டுப்பட்டது. குளிர்ந்திருந்தது. தட்ட வேண்டும். அவள் தட்டுகிற மாதிரியே தட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். முதுகைத் தேடிக் கையை வைத்தான்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

சொரசொரப்பு. சூடு. மேலே வழுவழுவென்று பவுடர். மோதிர விரல் பாதி.

அலறவில்லை. அந்தக் கையை அவனுக்குத் தெரியும். கல்யாணத்தில் பிடித்த கை. பிடித்தான். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "பொன்மணி... எங்கனடி போன?" என்று அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டான். வெடிமருந்து வாடை. அவள் வாடை. தோளைத் தேடி விரலை மேலே நகர்த்தினான். உள்ளங்கை. மணிக்கட்டு.

அதற்கு மேலே ஒன்றும் இல்லை, விரல் பாயில் போய் விழுந்தது.

கை அவன் பிடியிலிருந்து மெல்ல விலகிக்கொண்டது. தூக்கம் வராத பிள்ளைக்கு அவசரம் என்பதுபோல.

தட். தட். தட்.

நின்றது.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம். கதவு தட்டப்பட்டது. "மாப்ள, கதவத் திற. சாமானெல்லாம் வாங்கியாச்சு. நாளைக்கு வெள்ளனயே முடிச்சிருவோம்."

"முடிக்க வேண்டாம் மச்சான்!" என்று கத்தினான். "முடிச்சிராதீக!"

"என்னாச்சுலே? புள்ள எங்க?"

இருட்டில் சாம்பலாக மினுங்கிக்கொண்டு அந்தக் கை பிள்ளையின் முதுகுக்கு மேலே தூக்கின மாதிரியே இருந்தது. இறங்கவில்லை. எழில் மூச்சுவிடாமல் கிடந்தது.

"போடு பொன்மணி" என்று கெஞ்சினான். "தூங்கிராத. நாலாவதப் போடு."

கை கண் செருகினதுபோல லேசாக ஆடியது. அவன் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு அது விழுவதற்காகக் காத்திருந்தான்.