மச்சான் பார்த்துக் கொடுத்த விமானம்

மெக்கானிக் கொட்டகைக்கு வந்தபோது காவலாளி சாப்பிடப் போயிருந்தார். அதற்காகவே நேரம் பார்த்து வந்திருந்தான்.

உள்ளே அந்தக் குட்டி விமானம் மூக்கு நசுங்கிக் கிடந்தது. பெட்ரோலும் கருகிய ரப்பரும் நாறின. அதற்கடியில் இன்னொரு வாடை. ஓட்டியவன் மெக்கானிக்கின் மனைவியுடைய தம்பி. அவனைத் தகரத்தை வெட்டித்தான் வெளியே எடுத்தார்கள்.

பழுது பார்த்தபோது இறக்கைக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் மெக்கானிக் இடம் மாற்றி மாட்டிவிட்டான். விமானி பிடித்து ஓட்டும் ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால் விமானம் வலப்பக்கம் சாயும். கிளம்புமுன் ஒரு தடவை ஆட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். ஆனால் அன்று தம்பி சிரித்தான்.

"நீங்க பார்த்தாச்சுல்ல மச்சான், அப்புறம் நான் என்னத்தைப் பார்க்கிறது?"

இப்போது ஊரே, ஓட்டத் தெரியாமல் விழுந்தான் என்று தம்பியைத்தான் குறை சொல்கிறது. அக்கா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. விசாரணை அதிகாரி வருவதற்குள் கம்பிகளைச் சரியாக மாட்டிவிட்டால் பழி செத்தவன் தலையிலேயே நிற்கும். கேவலமான யோசனைதான். ஆனால் உண்மை தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

இறக்கையின் அடிமூடியைக் கழற்றிக் கையை நுழைத்தான். கம்பி ஓடும் உருளையைத் தடவி, திருகில் ஸ்பேனரை வைத்தான்.

விமானிக் கூண்டுக்குள் ஏதோ கிறீச்சிட்டது.

"யாரது?"

யாரோ மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. இழுத்த மூச்சு வெளியே வரவேயில்லை.

கம்பி நகர்ந்தது.

கையை உருவுவதற்குள் கம்பி வெடுக்கென்று இறுகி, விரல்களை உருளைக்குள் இழுத்துக்கொண்டது. எலும்பு நொறுங்கும் சத்தம்தான் முதலில் கேட்டது. அலறிக்கொண்டே உடைந்த கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

இருக்கை காலி.

ஸ்டிக் மட்டும் இடப்பக்கம் சாய்ந்து, யாரோ முழு பலத்தோடு தள்ளுவதுபோல் நடுங்கியது.

"விட்டுடுடா... உங்க அக்காவுக்காகவாவது விட்டுடுடா!"

ரத்தம் முழங்கை வழியே சட்டைக்குள் இறங்கியது. அலறல் கேட்டுக் காவலாளி ஓடிவந்தார். பின்னாலேயே அதிகாரியும், தம்பிமேல் தப்பில்லை என்று சொல்ல அவரோடு வந்திருந்த அவளும். ஆண்கள் இருவரும் கம்பியைப் பிடித்து இழுத்தார்கள். அசையவில்லை. அதிகாரி டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தார்.

"கம்பி ரெண்டும் மாறியிருக்கே. யார் மாட்டினது?"

அவள் திறந்து கிடந்த மூடியைப் பார்த்தாள். தரையில் விழுந்திருந்த ஸ்பேனரைப் பார்த்தாள். கடைசியாகக் கணவனைப் பார்த்தாள்.

"நீங்கதானா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் காலி இருக்கையருகே போய்க் குனிந்தாள். மெல்லிய குரலில், தூங்குகிற பிள்ளையிடம் பேசுவதுபோல் சொன்னாள்.

"விடாதே தம்பி."

ஸ்டிக் கடைசிவரை சாய்ந்தது.