பச்சை டிக்

மருந்துக் கிடங்கு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. பதினோரு படி இறங்க வேண்டும். அட்டைப்பெட்டி வாசனையும் ஸ்பிரிட் நெடியும் கலந்த காற்று. ஜன்னல் கிடையாது. காலை பத்து மணிக்கும் குழல் விளக்குதான். குளிர்பெட்டி ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது.

வேலை எளியது. வார்டிலிருந்து சீட்டு வரும். மூத்த டெக்னீஷியன் மருந்தை எடுத்துத் தட்டில் வைப்பார். பெயர், அளவு, காலாவதித் தேதி மூன்றையும் சீட்டோடு ஒப்பிட்டு, ஓரத்துக் கட்டத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த அவள் டிக் போட வேண்டும். எடுத்தவர் சரிபார்க்கக் கூடாது. அந்த டிக் விழாமல் தட்டு மேலே போகாது.

முதல் நாள், மூன்றாவது தட்டில் டிக் ஏற்கெனவே இருந்தது. பச்சை மையில்.

"அண்ணே, நான் இன்னும் பாக்கவே இல்ல. இத யாரு போட்டது?"

"நீதான் போட்டிருப்ப. வந்த அன்னைக்கே மறதியா? வெளங்கிடும்."

"எங்கிட்ட பச்சைப் பேனா இல்லண்ணே."

அவர் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். சட்டைப்பையில் ஒரே பேனா. நீலம்.

அவளுக்கு அவர்மேல்தான் சந்தேகம். நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தால் பழியை அவள் தலையில் கட்டத்தானே இந்த ஏற்பாடு? ஆறு மாதம் தகுதிகாண் பருவம். ஒரு புகார் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் நெஞ்சுச்சளியோடு ஆறு வயது மகள். உதவிக்கு ஓடி வர வேறு ஆளில்லை.

அவள் அவரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். தட்டை வைத்த பிறகு அவர் கை அந்தப் பக்கம் போகவே இல்லை.

டிக் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் சோதித்தாள். வேண்டுமென்றே ஒரு தட்டில் வேறு அளவு மாத்திரையை வைத்துவிட்டு முதுகைத் திருப்பி நின்றாள். திரும்பிப் பார்த்தபோது கட்டம் காலி. சரியான மாத்திரையை மாற்றி வைத்து மறுபடி திரும்பினாள்.

பின்கழுத்தில் குளிர்ந்த மூச்சு.

கட்டத்தில் பச்சை. மை காயவில்லை.

பயம் எத்தனை நாள் பயமாக இருக்கும்? அந்த டிக் ஒரு நாளும் பிசகவில்லை. மகள் இருமி இருமி இரவைக் கழித்த மறுநாள்களில் அவள் பச்சையைப் பார்த்தாள், தட்டைத் தள்ளினாள். பெயரைப் படிக்கவில்லை. தேதியைப் படிக்கவில்லை.

குழந்தைகள் வார்டுத் தட்டு ஒன்று ஒரு மத்தியானம் வந்தது. பச்சை இருந்தது. தள்ளினாள். அடையாள அட்டையின் கயிறு தட்டின் விளிம்பில் மாட்டி இழுக்க, மருந்துக் குப்பி ஒன்று உருண்டு அவள் கைக்கு வந்தது. பத்து மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் நூறு. அதே நீல மூடி, அதே உயரம். பெரியவர்களுக்கானது.

சீட்டில் டிக் அசையாமல் இருந்தது.

குப்பியை அவர்முன் வைத்தாள். அவர் அதை எடுத்து லேபிளைப் படித்தார். குளிர்பெட்டியின் முனகல்கூட நின்றதுபோல இருந்தது.

"உனக்கு முன்னாடி ஒரு பொண்ணு இருந்திச்சு," என்றார், தாழ்ந்த குரலில். "நான் எடுத்து வச்சா பாக்காமயே டிக் போடும். 'அண்ணன் எடுத்தா சரியாத்தான் இருக்கும்'னு சொல்லும்."

"அப்புறம்?"

"ஒரு நாள் நான் தப்பா எடுத்துட்டேன். இதே மருந்து. இதே வார்டு."

"பழி யாருக்கு?"

"டிக் அவளோடதுதானம்மா. நான் வாயத் தொறக்கல. அந்த வருஷமே அவ போய்ச் சேந்துட்டா."

"அவ பேனா என்ன கலருண்ணே?"

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவர் பார்த்தார்.

அவள் எழுந்துகொண்டாள். பதினோரு படியும் ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

வழியில் ஒரு கடையில் மகளுக்கு இருமல் மருந்து வாங்கினாள். வீட்டில் மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவி, கரண்டியோடு வந்தாள். மூடியைத் திருகப்போனவள் நின்றாள்.

பாட்டிலின் லேபிளில், கீழ் ஓரத்தில், பச்சை டிக்.

பெயரைப் படித்தாள். சரி. அளவு. சரி. தேதி. சரி. மறுபடி முதலிலிருந்து படித்தாள். எழுத்துகள் எல்லாம் சரியாக இருந்தன. உள்ளே இருப்பது?

அவள் கட்டைவிரலில் பச்சை மை ஒட்டியிருந்தது.

"குடும்மா," என்றாள் மகள், இருமலுக்கு நடுவே. "எதுக்கு அதையே பாத்துட்டு நிக்கிற? அதான் அந்த அக்கா பாத்துட்டாங்களே."